மானியம் வழங்கும் சிறிய அறக்கட்டளை: 85 விழுக்காட்டு விதி குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு குடும்ப அறக்கட்டளையின் நிர்வாகப் பொறுப்பை இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏற்றேன். நாங்கள் நேரடியாகப் பணி எதுவும் செய்வதில்லை. மாலைநேரப் பள்ளிகள் நடத்தும் சிறிய அமைப்புகளுக்கு மானியம் வழங்குகிறோம். அறக்கட்டளையின் வருமானத்திற்கு வரி விலக்குப் பெற உதவும் 12ஏ, நன்கொடையாளர்களுக்கு வரிச் சலுகை தரும் 80ஜி ஆகிய பதிவுகள் உள்ளன. வெளிநாட்டு நிதி பெறுவதில்லை.

வரி விலக்கு முழுமையாகக் கிடைக்க, ஆண்டு வருமானத்தில் குறைந்தது 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் 2023 நிதிச் சட்டத் திருத்தத்தின்படி, பதிவு பெற்ற மற்றோர் அறக்கட்டளைக்குக் கொடுக்கும் தொகையில் 85 விழுக்காடு மட்டுமே எங்கள் செலவாகக் கணக்கிடப்படுகிறது. ஆண்டு வருமானம் 60 லட்சத்தில் 51 லட்சத்தை மானியமாகக் கொடுத்தாலும் 43.35 லட்சமே கணக்கில் ஏறுவதால், 7.65 லட்சம் குறைகிறது.

முழு வருமானத்தையும் கொடுத்துவிடலாம் என்றார் தணிக்கையாளர். மானியம் தடைபடும் ஆண்டுகளுக்கென ஒரு சேமிப்பு வேண்டும் என்பதால் அறங்காவலர்கள் அதை ஏற்கவில்லை, அவர்கள் கவலை நியாயமானதே. வருமானத்தைப் பின்னர் செலவிடுவதாக வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும் படிவம் 10 வழியாக ஒதுக்கி வைத்தால், அப்பணத்தைப் பின்னர் வேறு அறக்கட்டளைக்கு வழங்க இயலாது. நேரடிச் செலவு முழுமையாகக் கணக்கில் ஏறும் என்பதால், சென்ற ஆண்டு மூன்று ஊர்களில் ஆசிரியர் ஊதியத்தை நாங்களே நேரடியாகக் கொடுத்துப் பார்த்தோம். பல ஆண்டுகளாக அப்பள்ளிகளை வளர்த்தவர்கள் எங்கள் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நிலைக்கு வந்தது எனக்கு மிகுந்த வருத்தமளித்தது.

மானியத்திற்குப் பதிலாகப் பணி ஒப்பந்தம் செய்து, கூட்டாளி அமைப்பின் தன்னுரிமையையும் காத்து, வருமான வரி மதிப்பீட்டிலும் சிக்கலின்றிக் கடந்தவர்கள் இருந்தால், அந்த ஒப்பந்தத்தை எவ்வாறு அமைத்தீர்கள்?