"ஃபேக் நியூஸ்" என்று உங்களிடம் நேரில் யாராவது சொன்னதுண்டா?

பென்சில்வேனியா ஆள்:
நான் வேலை பார்க்கும் கிடங்கின் சாப்பாட்டு அறையில் ஒரு டிவி உண்டு. ரிமோட் எப்போதும் மூத்த சூப்பர்வைசர் கையில்தான். டிரம்ப் பக்கம் சாயும் ஃபாக்ஸ் நியூஸ் சேனல் தவிர வேறு எது ஓடினாலும் முகம் சுளிப்பார். 2017 ஜனவரியில் டிரம்ப், சிஎன்என் நிருபர் ஜிம் அகோஸ்டாவைக் கேள்வி கேட்க விடாமல் "நீங்கள் ஃபேக் நியூஸ்" என்றாரே, அதைக் கையை நீட்டி அப்படியே நடித்துக் காட்டுவார். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

2020 தேர்தல் இரவு எங்களுக்கு நைட் ஷிஃப்ட். பதினொன்றரைகூட ஆகவில்லை, அரிசோனா மாநிலம் பைடனுக்கு என்று அறிவித்துவிட்டார்கள். அறிவித்தது சிஎன்என் இல்லை, மற்ற எல்லோரையும் முந்திக்கொண்டு அவருடைய ஃபாக்ஸேதான்! மனிதர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இவங்களையும் விலைக்கு வாங்கிட்டாங்க" என்றார். சில நாளில் அந்த அறையில் டிரம்ப் ஆதரவுச் சேனலான நியூஸ்மேக்ஸ் ஓட ஆரம்பித்தது.

ஃபாக்ஸ் அவசரப்பட்டுவிட்டது என்று தேர்தல் கணக்குத் தெரிந்தவர்கள் சிலர் சொன்னார்கள், அதில் நியாயம் உண்டு. கடைசியில் அரிசோனாவில் பைடன் ஜெயித்தது வெறும் 10,457 ஓட்டில். ஆனால் எங்கள் ஆள் அந்தக் கணக்குக்குள்ளேயே போகவில்லை. செய்தியால் யாருக்கு நஷ்டம் என்று பார்த்தார், அதோடு தீர்ப்பு முடிந்தது.

பார்வையாளர்கள் இப்படி ஓடியதைப் பார்த்து ஃபாக்ஸ் எவ்வளவு அரண்டது என்பது ஓட்டு இயந்திர நிறுவனமான டொமினியன் ஃபாக்ஸ் மீது போட்ட வழக்கில் வெளிவந்தது. ஓட்டு இயந்திரத்தில் மோசடி என்ற கதையைத் தொகுப்பாளர்களே நம்பவில்லை என்பதை அவர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகளே காட்டிக்கொடுத்தன. திரையில் மட்டும் அந்தக் கதை ஓடிக்கொண்டிருந்தது. 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்து சமாதானமாகப் போனார்கள். இதை சூப்பர்வைசரிடம் சொன்னேன். "நீ அதை எந்த சேனல்ல பார்த்தே?" என்று கேட்டார்.

சியாட்டில் வாசி:
எங்கள் வீட்டில் தேசியச் செய்தி யாரும் பார்ப்பதில்லை. உள்ளூர் சேனல்தான். மழை வருமா, பள்ளி உண்டா, எந்தப் பாலத்தில் டிராஃபிக், இவ்வளவு போதும். ஊரிலிருந்து வந்திருந்த மாமனார்கூட அந்தச் செய்தி வாசிப்பாளர்களை வீட்டு மனிதர்கள் மாதிரிப் பேசுவார்.

2018 மார்ச்சில் அவர்கள் ஒரு நாள் கேமராவைப் பார்த்து, சில ஊடகங்கள் சரிபார்க்காமல் பொய்ச் செய்தி போடுகின்றன, இது ஜனநாயகத்துக்கு மிகவும் ஆபத்து என்று உருக்கமாகப் பேசினார்கள். "நல்லா சொல்றாங்கம்மா" என்றார் மாமனார். நானும் தலையாட்டினேன். அந்த மாதக் கடைசியில் டெட்ஸ்பின் தளம் ஒரு வீடியோ போட்டது. வேறு வேறு ஊர், வேறு வேறு முகம், ஆனால் ஒரு சொல் பிசகாமல் அதே பேச்சு, எல்லோரும் ஒரே குரலில்! எல்லாம் மேரிலாந்தில் தலைமையகம் வைத்திருக்கும் சின்க்ளேர் நிறுவனத்தின் சேனல்கள். எழுதிக்கொடுத்ததும் அவர்களே. டிரம்ப் உடனே சின்க்ளேரைப் பாராட்டி ட்வீட் போட்டார்.

அந்தப் பேச்சை வரி வரியாகத் திரும்பப் படித்துப் பாருங்கள். சரிபார்த்துப் போடுவோம், தவறிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், இப்படித்தான் போகும். எதிலும் குறை சொல்ல முடியாது. ஊர்க்காரர் சொல்கிறார் என்ற நம்பிக்கையைத்தான் அங்கே செலவு செய்தார்கள். எனக்குப் பச்சைப் பொய்யைவிட இதுதான் கிலி.

வாஷிங்டன் பக்கம்:
காமெட் பிங் பாங் பீட்சா கடைக்குப் பிள்ளைகளோடு போயிருக்கிறேன். பின்பக்கம் டேபிள் டென்னிஸ் மேஜைகள் கிடக்கும். 2016 டிசம்பர் 4 அன்று, அடித்தளத்தில் குழந்தைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்ற இணையக் கதையை நம்பி, நார்த் கரோலினாவிலிருந்து ஒருவர் துப்பாக்கியோடு வந்து சுட்டார். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. அந்தக் கடைக்கு அடித்தளமே கிடையாது. சொன்னால், "மறைச்சிருப்பாங்க" என்ற என் அலுவலக நண்பர் நன்றாகப் படித்தவர்.

டெக்சாஸ் அன்பர்:
எல்லாம் ஒரு பக்கமாகவே போகிறதே. 2017 டிசம்பரில் ஏபிசி டிவி நிருபர் பிரையன் ராஸ், டிரம்ப் வேட்பாளராக இருந்தபோதே ரஷ்யர்களைத் தொடர்புகொள்ளும்படி தன் ஆலோசகர் ஃபிளினிடம் சொன்னதாகச் செய்தி சொன்னார். பங்குச் சந்தை சரிந்தது. சொன்னது தேர்தலில் ஜெயித்த பிறகு என்று அப்புறம் திருத்தினார்கள், ராஸுக்கு 4 வாரம் சஸ்பென்ஷன். எங்கள் நண்பர் குழுவில் முதல் செய்தியைப் பகிர்ந்த ஒருவரும் திருத்தத்தைப் பகிரவில்லை.

2020 அக்டோபரில் ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடனின் லேப்டாப் பற்றி நியூயார்க் போஸ்ட் பத்திரிகை எழுதியது. குழுவில் லிங்க் போட்டதும், "ரஷ்யா வேலை, உளவுத்துறை ஆட்கள் 51 பேர் சொல்லிட்டாங்க" என்று மொத்தப் பேரும் பாய்ந்தார்கள். முன்னாள் உளவு அதிகாரிகளான அந்த 51 பேர் எழுதிய கடிதத்தில், ரஷ்யாவின் கை இருப்பதற்கு எங்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை என்று அவர்களே எழுதியிருந்தார்கள். ஒருவராவது அதைத் திறந்து படித்திருந்தால்தானே! 2024இல் ஹன்டர் மீதான வழக்கில் அதே லேப்டாப் டெலவேர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்புச் சாட்சியமாகவே வந்தது.

பென்சில்வேனியா ஆள்:
சரி சார், அந்தக் கடிதம் மோசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த போஸ்ட் செய்தியின் லிங்க்கை ட்விட்டர் தடுத்ததை ஓரிரு நாளில் விலக்கிக்கொண்டது. ஃபாக்ஸ் மோசடிக் கதையை வாரக்கணக்கில் ஓட்டியது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

டெக்சாஸ் அன்பர்:
லிங்க்கை விட்டார்கள் சரி, போஸ்ட்டின் சொந்த ட்விட்டர் கணக்கு? அக்டோபர் 30 வரை முடக்கி வைத்திருந்தார்கள். தேர்தலுக்கு நாலே நாள் பாக்கி.