சிறைக்குப் பதில் சமூக சேவைத் தண்டனை: ஒரு அம்மாவுக்காக உங்கள் அனுபவம் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். என் தோழி வேலை பார்த்த இடத்தில் பணம் எடுத்தாள், ஒப்புக்கொண்டுவிட்டாள். அடுத்து தண்டனை. மகனுக்கு ஆறு வயது, சின்னவள் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். வேறு துணை இல்லை.

சிறிய குழந்தைகள் உள்ள தாய்க்கு முடிந்தவரை சிறையில்லாத தண்டனையே தர வேண்டும் என்கிறது பெண் கைதிகளை நடத்தும் முறை பற்றிய ஐ.நா.வின் பாங்காக் விதிகளில் 64-ஆவது விதி (2010). தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம் 2007-இல் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவரின் மோசடி வழக்கில் மீதிச் சிறைக்காலத்தை நிறுத்திவைத்து, பணத்தைத் திருப்பித் தரவும் சமூக சேவை (சம்பளமில்லாமல் பொதுவேலை) செய்யவும் சொன்னது. இழந்தவர் கைக்குப் பணம் வருகிறதே, எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

வக்கீல்கள், நன்னடத்தை அலுவலர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: குழந்தைகளின் நிலையை நீதிபதி முன் எப்படி வைப்பது? பள்ளி ஆசிரியரின் கடிதம் எடுபடுமா?

அப்புறம், என்னை அதிகம் உறுத்துவது இதுதான். சேவை நேரத்தில் கைக்குழந்தையை யார் பார்ப்பது? குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் போகாவிட்டால் அது நிபந்தனை மீறலாகி, கடைசியில் சிறைக்கே அனுப்பிவிடலாம். பள்ளி நேரத்துக்குள் மட்டும் வேலை தரும்படி முன்கூட்டியே கேட்டுப் பெற்றவர்கள் இருக்கிறீர்களா? இந்தத் தண்டனையை முடித்த அம்மாக்கள் தனிச்செய்தியில் எழுதினாலும் போதும்.