சபை ஜெபத்துல நியாயத்துக்காக ஜெபிக்கிறது எப்படி? கொஞ்சம் சொல்லுங்க

செங்காங்_மகள்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சிங்கப்பூர்ல எங்க சபையில அடுத்த மாசம் குடும்ப ஞாயிறு வருது, பிரசங்கத்துக்கு அப்புறம் வர்ற பொது ஜெபத்த என்னைய நடத்தச் சொல்லிட்டாரு பாஸ்டர் ஐயா. குடும்பம், சமுதாயம், நியாயம் மூணும் வரணுமாம், அஞ்சாறு நிமிஷம்தான் டைம். குடும்பத்துக்கு எழுதிருவேன், நியாயம்னு வர்ற இடத்துலதான் பேனா நிக்குது. ஏன்னா எங்க சபையில பின்வரிசையில ஊர்லேர்ந்து வேலைக்கு வந்த தம்பிங்க நிறைய பேரு உக்காருவாங்க, அதுல சில பேருக்கு மாசக்கணக்கா சம்பளம் வரல. அதே சபையில கான்ட்ராக்ட் கம்பெனி நடத்துற அங்கிள்மாரும் இருக்காங்க, அவங்களும் நல்ல விசுவாசிங்க, இந்தத் தம்பிங்க வேலை பாக்குறது அவங்ககிட்ட இல்ல. கமிட்டியில ஒரு பெரியவர் "கோயிலுக்குள்ள அரசியல் வேணாம்மா, பொதுவா ஏழை எளியவங்களுக்காக ஜெபிச்சு முடிச்சிரு"ன்னு சொல்றாரு. அப்படி முடிச்சிட்டு ஆராதனை விட்டு வெளிய வர்றப்ப அந்தத் தம்பிங்க முகத்த எப்படிப் பாக்குறது? முன்னாடி நடத்தினவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

ஓஃபிர்_ரோட்_பங்கு:
சிஸ்டர், நாங்க கத்தோலிக்க ஆளுங்க, ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில், 1888லேர்ந்து இருக்குற கோயில், தமிழ் பூசைக்கு அங்கதான் போவோம். எங்க பூசையில நீங்க கேக்குறதுக்குன்னே ஒரு இடம் இருக்கு, விசுவாசிகள் மன்றாட்டுன்னு சொல்லுவோம். நடுவுல ரொம்ப காலம் வழக்கத்துலயே இல்லாம போயி 1963ல இரண்டாம் வத்திக்கான் சங்கம் திரும்பக் கொண்டு வந்தது. ஆனா பழக்கம் ரொம்பப் பழசு, 2ஆம் நூற்றாண்டுல புனித ஜஸ்டின் ஞாயித்துக்கிழமை கூட்டம் எப்படி நடக்கும்னு எழுதி வச்சிருக்காரு, அதுலயே வாசகம், போதனை, அப்புறம் எல்லாரும் எழுந்து நின்னு ஜெபிக்கிறதுன்னு வருது. எங்க வரிசை என்னன்னா முதல்ல திருச்சபை, அடுத்து ஆட்சி பண்றவங்களும் உலகமும், அப்புறம் கஷ்டப்படுறவங்க, கடைசியில நம்ம பங்கு மக்கள். இந்த வரிசைய வச்சுக்கிட்டா உங்க ஜெபம் ஒரு பக்கமா சாயாது.

ஒரு விஷயம் மட்டும் கவனிங்க, ஒவ்வொரு மன்றாட்டும் ரெண்டு வரிக்கு மேல போக வேணாம். சிலர் ஆண்டவருக்கு நியூஸ் வாசிக்கிற மாதிரி ஆரம்பிச்சு அப்படியே சபைக்கு ரெண்டாவது பிரசங்கம் வச்சிருவாங்க. ரெண்டு வரி சொல்லிட்டு கொஞ்சம் மௌனம் விடுங்க, அப்புறம் சபையார் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்"னு சேர்ந்து சொல்லட்டும். மைக் பிடிச்சிருக்கறது நீங்களா இருந்தாலும் ஜெபிக்கிறது சபைதானே.

பழைய_கமிட்டி_மாமா:
அம்மா, அந்தப் பெரியவர் சொன்னத ஒரேயடியா தள்ளிராதீங்க. அவரு பயப்படுறதுக்குக் காரணம் இருக்கு, சிங்கப்பூர்ல 1990லேயே சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் போட்டாங்க, மதத்தோட பேர்ல அரசியல் காரியத்த வளர்க்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. எங்க வயசு ஆளுங்களுக்கு அந்த எச்சரிக்கை மனசுல ஊறிப்போச்சு. ஆனா வேலை செஞ்சவனுக்குக் கூலி குடுங்கன்னு ஜெபிக்கிறது எந்தக் கட்சி விஷயம்? சம்பளக் காலம் முடிஞ்சு 7 நாளுக்குள்ள சம்பளம் குடுக்கணும்னு நம்ம வேலைவாய்ப்புச் சட்டமே சொல்லுது. யாக்கோபு 5:4ல பிடிச்சு வச்ச கூலி கூக்குரலிடுது, அது சேனைகளின் கர்த்தருடைய காதுல விழுதுன்னு இருக்கு. அதே மாதிரி 1 தீமோத்தேயு 2ஆம் அதிகாரத்துல அதிகாரத்துல இருக்குற எல்லாருக்காகவும் ஜெபிங்கன்னு இருக்கு, அதையும் விடாதீங்க. அதிகாரிங்களுக்காகவும் முதலாளிங்களுக்காகவும் ஜெபிச்ச பிறகு கூலிக்காக ஜெபிச்சா யாரும் குத்தம் சொல்ல முடியாது. கம்பெனி பேரு, ஆளு பேரு எதுவும் வேணாம். மேடைக்குப் போறதுக்கு முன்னாடி எழுதினத பாஸ்டர்கிட்டயும் அந்தப் பெரியவர்கிட்டயும் காட்டிருங்க, படிச்சுப் பாத்தா அவரே ஆமென் சொல்லுவாரு.

துவாஸ்_தம்பி:
அக்கா நான் பின்வரிசை ஆளுதான், வேற சபை. கொஞ்சம் நீளமா எழுதுறேன் தப்பா எடுத்துக்காதீங்க. எங்களுக்காக ஜெபிக்கிறப்ப "பாவம் இந்தப் பிள்ளைங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க, நாங்களும் காணிக்கை போடுறோம் பாட்டுப் பாடுறோம் நாங்களும் சபைதான். அப்புறம் நீங்க குடும்பம் ஒரு தலைப்பு நியாயம் ஒரு தலைப்புன்னு பிரிச்சு வச்சிருக்கீங்க, எங்களுக்கு அது ரெண்டும் ஒண்ணு அக்கா. சம்பளம் வரலன்னா ஊர்ல பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியாது, ஏஜண்டுக்குக் குடுக்க வாங்குன கடனுக்கு வட்டி ஏறும், வட்டிக்காரன் வாசல்ல வந்து நின்னு எங்க அம்மாவத்தான் பேசுவான். குடும்ப ஞாயிறுன்னா எல்லாரும் பிள்ளைகுட்டியோட முன்னாடி போயி ஆசீர்வாதம் வாங்குவாங்க, நாங்க அப்படியே உக்காந்திருப்போம். அன்னைக்கு "தூரத்துல இருக்குற மனைவிமார், பிள்ளைங்க, பெத்தவங்க"ன்னு ஒரு வார்த்தை வந்தா போதும், அது எங்க வீடுன்னு எங்களுக்குத் தெரியும்.

2020 ஏப்ரல்ல கொரோனாவுக்காக எங்கள மாதிரி தொழிலாளிங்க தங்குற டார்மிட்டரியெல்லாம் அடைச்சப்ப நான் உள்ளதான் இருந்தேன். எங்க பாஸ்டர் ஆன்லைன் ஆராதனையில லாரியில பின்னாடி உக்காந்து வேலைக்குப் போறவங்கன்னு சொல்லி ஜெபிச்சாரு, எங்க ரூம்ல அத்தன பேரும் அழுதோம். தொழிலாளர்கள்னு பொதுவா சொல்லியிருந்தா அப்படி இருந்திருக்காது.

இன்னொண்ணு, சம்பளம் வராத தம்பிங்க சும்மா காத்துக்கிட்டு இருக்க வேணாம்னு சொல்லுங்க. இன்னும் அதே கம்பெனியில இருந்தா 1 வருஷத்துக்குள்ள, வேலைய விட்டுட்டா 6 மாசத்துக்குள்ள டிஏடிஎம்ல, அதான் சம்பளத் தகராறு பாக்குற அமைப்புல, புகார் குடுக்கணும், லேட்டானா அவ்வளவுதான். மைக்ரண்ட் வொர்க்கர்ஸ் சென்டர்லயும் உதவி கேக்கலாம். ஜெபம் முடிஞ்சு டீ குடிக்கிறப்ப சபையில யாராச்சும் பக்கத்துல உக்காந்து சம்பள ஸ்லிப், டைம் கார்டு எல்லாம் எடுத்து வைக்க உதவி பண்ணினா ரொம்ப நல்லது, நிறைய பேருக்கு இங்கிலீஷ்ல எழுத வராது.

ஈஷூன்_ஆன்டி:
தம்பி எழுதினதப் படிச்சு கண்ணு கலங்கிருச்சுப்பா. மகளே, நியாயம்னதும் கம்பெனிக்காரங்கள மட்டும் நினைச்சிராத, நம்ம வீட்டுல வேலை செய்யுற பொண்ணையும் நினைச்சுக்க. 2023லேர்ந்து மாசத்துக்கு ஒரு லீவு நாளாவது குடுத்தே ஆகணும், அதுக்குப் பதிலா காசு குடுத்து சரிக்கட்ட முடியாதுன்னு எம்ஓஎம் (மனிதவள அமைச்சு) சட்டம் வச்சாச்சு, அப்படியும் அந்த ஒரு நாள் கூட குடுக்க யோசிக்கிறவங்க நம்ம சபைகள்ல இருக்காங்க. அதனால நியாயத்துக்கு ஜெபிக்கிறதுக்கு முன்னாடி பாவ அறிக்கையா ஒரு வரி வை, "எங்கள் வீடுகளில் நாங்கள் செய்யும் அநியாயத்தை எங்களுக்குக் காட்டும்"னு. முதலாளி அங்கிளும் வீட்டுக்கார அம்மாவும் எல்லாரும் சேர்ந்து குனியலாம்.

குடும்பத்துக்கு ஈசியா எழுதிருவேன்னு சொல்ற, அங்கயும் பாத்து எழுதும்மா. அப்பா அம்மா ரெண்டு பிள்ளைன்னு மட்டும் குடும்பம் இல்ல. புருஷன் போனவங்க, பிரிஞ்சு வாழுறவங்க, குழந்தைக்காகக் காத்திருக்கறவங்க, வயசாகி தனியா ஒரு ரூம் வீட்டுல இருக்கறவங்க, ஜெயில்ல பிள்ளை இருக்குற அம்மாமார் எல்லாரும் அன்னைக்கு வருவாங்க. பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதிப் பரீட்சை) எழுதுற பிள்ளைங்களுக்கும் என்எஸ்ல (தேசிய சேவையில) இருக்குற பசங்களுக்கும் வருஷா வருஷம் ஜெபிக்கிறோம், நல்லது, ஆனா ஜெயில்ல இருக்குற பையனுக்காக யாரும் ஜெபிச்சு நான் சபையில கேட்டதே இல்ல.

செங்காங்_மகள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மாமா, ஆன்டி, ஓஃபிர் ரோடு பிரதர், முக்கியமா தம்பி. நேத்து ராத்திரி உக்காந்து மாத்தி எழுதினேன். தலைப்பு பிரிக்கல, எல்லாத்தையும் குடும்பத்துக்குள்ளயே கொண்டு வந்துட்டேன். நடுப்பகுதி மட்டும் போடுறேன், பாத்து சொல்லுங்க:

"ஆண்டவரே, எங்கள் வீடுகளில் வேலை செய்கிறவர்களை நாங்கள் நடத்துகிற விதத்தை உமக்கு முன்பாக வைக்கிறோம். எங்களை மன்னித்து எங்களைத் திருத்தும்.

கடல் தாண்டி வந்து எங்கள் நடுவில் ஆராதிக்கிற சகோதரர்களுக்காகவும், தூரத்திலிருக்கும் அவர்கள் மனைவிமார், பிள்ளைகள், பெற்றோருக்காகவும் ஜெபிக்கிறோம். லாரியில் போகிறவர்களைப் பத்திரமாய்த் திரும்பக் கொண்டுவாரும்.

உழைத்தும் கூலி கிடைக்காதவர்களுக்கு அது கிடைக்கும்படி செய்யும். கூலி கொடுக்க வேண்டியவர்களுக்கு நேர்மையான இருதயத்தையும், விசாரிக்கிற அதிகாரிகளுக்கு நியாயமான தீர்ப்பையும் தாரும்.

சிறையிலிருக்கும் பிள்ளைகளையும், அவர்களுக்காகக் காத்திருக்கும் வீடுகளையும் நினைத்தருளும்."

பெரியவர்கிட்ட நாளைக்குக் காட்டப் போறேன். தம்பி, ரெண்டாவது பத்திய எங்க சபைத் தம்பி ஒருத்தரையே வாசிக்கச் சொல்லலாமா, இல்ல அவருக்குக் கூச்சமா இருக்குமா?

துவாஸ்_தம்பி:
கேளுங்க அக்கா. ஆனா பேப்பர முந்தின வாரமே குடுத்துருங்க, டியூட்டி ஞாயித்துக்கிழமையும் விழும், மாத்தி வாங்க சூப்பர்வைசர்கிட்ட முன்னாடியே சொல்லணும்.