கீழக்கரைப் பக்கம் மூன்று நாள்: எங்கே நடக்கலாம், எதைப் பார்க்கலாம்?

மதுரைக்காரி கேட்டது:

அரையாண்டு விடுமுறையில் மூன்று நாள் ராமநாதபுரம் பக்கம் வருகிறோம். நான், கணவர், எட்டாவது படிக்கும் மகன், அப்பா. அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு, ஆனால் பழைய கல்லைக் கண்டால் வலி மறந்துவிடும். ராமேஸ்வரம் பல தடவை பார்த்தாயிற்று. இந்த முறை வரிசையில் நிற்காமல், காலையில் கடலோரம் கொஞ்சம் நடந்து, பழைய இடங்கள் சிலவற்றைப் பொறுமையாகப் பார்க்க ஆசை. தங்குவது ராமநாதபுரம் டவுனில். தேவிபட்டினம், தொண்டி போகலாமா, கீழக்கரை பக்கம் போகலாமா என்று வீட்டில் ஒரே பட்டிமன்றம். ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்.

ஐஸ்வண்டி:

தங்கச்சி, முதலில் காற்றைப் பாருங்கள், அப்புறம் ஊரைப் பாருங்கள்.

எங்கள் மாவட்டத்துக்குக் கடல் இரண்டு. தொண்டி, தேவிபட்டினம், ஆற்றங்கரை எல்லாம் பாக் நீரிணை. நாங்கள் வடகடல் என்போம். கீழக்கரை, சேதுக்கரை, பெரியபட்டினம், புதுமடம் இருப்பது மன்னார் வளைகுடா, அது தென்கடல். கோடையில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கத் தொடங்கினால் தென்கடல் பொங்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை (வடகிழக்குக் காற்று) வந்ததும் கதை தலைகீழ். நான் ஐஸ் கம்பெனி வண்டி ஓட்டுகிறவன். மீன் எந்தக் கரையில் ஏறுகிறதோ அந்தக் கரைக்குத்தான் எனக்கு லோடு. அதனால் காலண்டரைவிடக் காற்றுதான் எனக்குக் கணக்கு. நீங்கள் வரும் நேரம் வாடைக்காற்று. பேசாமல் தென்கரைக்கு வாருங்கள்.

ஒரு நாளைக் கீழக்கரைக்கு ஒதுக்குங்கள். டவுனிலிருந்து சுமார் 17 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. நடுத்தெரு ஜும்மா பள்ளிவாசலை அப்பாவுக்குக் கட்டாயம் காட்டுங்கள். 17ஆம் நூற்றாண்டுக் கல் கட்டடம். தூணும், தூண் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகைக் கல்லும் பார்த்தால் ஏதோ கோயில் மண்டபத்துக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். நம் கல்தச்சர் கை அது. ஆனால் தூணில் உருவம் எதுவும் இருக்காது, பூவும் கொடியும்தான். தூணின் மேல் பாகத்தை அவசரப்படாமல் அண்ணாந்து பாருங்கள், வேலைப்பாடு அங்கேதான். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்கிறோமே, அந்த சீதக்காதி அடங்கியிருப்பது இங்கேதான். அந்தக் காலத்து இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய நண்பர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவு கொடுத்த மரைக்காயர். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வேண்டாம், தொழுகைக் கூட்டம் இருக்கும்.

அடுத்து நடை. சேதுக்கரையில் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பக்கத்தில் வண்டியை விட்டுவிட்டு, விடிந்ததும் கிழக்கே பார்த்து நடங்கள். பெரியபட்டினம் வரை சுமார் 7 கிலோமீட்டர். முழுக்க நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கால் போதும் என்கிற இடத்தில் திரும்பிவிடலாம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பனை, நடுவில் கரையேற்றிய வல்லங்கள். ஒன்று சொல்கிறேன்: ஓடை கடலில் சேரும் இடம் வந்தால் குறுக்கே இறங்க வேண்டாம். மழைக்காலத்தில் அங்கே மணல் காலை வாங்கும். பக்கத்தில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருப்பவரைக் கேட்டால் சுற்றுவழி சொல்லுவார்.

பையனுக்கு ஒரு வேடிக்கை. இந்தக் கரையில் சில இடங்களில் பெண்கள் மணலில் குழி தோண்டிச் சிரட்டையால் தண்ணீர் மொள்ளுவார்கள். ஊத்துத் தண்ணீர். இருபது முப்பது அடியில் அலை அடிக்கும், குழிக்குள் நல்ல தண்ணீர். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, உப்புத் தண்ணீரைவிடக் கனம் குறைவு என்பதால் அதன் மேலேயே நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் கரித்துவிடும். அதனால்தான் வாளி போடாமல் சிரட்டை. ஒரு குடம் நிறைய அரைமணி நேரம்கூட ஆகும். அவர்களிடம் கேட்டுவிட்டுப் பையன் ஒரு வாய் குடித்துப் பார்க்கட்டும்.

பெரியபட்டினம் இன்று அமைதியான ஊர். ஆனால் 13, 14ஆம் நூற்றாண்டில் சீனக் கப்பல் சரக்கு இறங்கிய துறைமுகம். 1980களில் அங்கே தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் நிறையக் கிடைத்தன. பெரிய மழைக்குப் பிறகு தோப்பு வரப்பில் இன்றும் துண்டு தட்டுப்படும். பச்சை மெருகு, விரல்நகம் அளவு, விளிம்பில் மெருகு வழிந்து உறைந்த தடம்கூடத் தெரியும். பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்.

புல்லாணி மருமகள்:

ஐஸ்வண்டி அண்ணன் கடலைச் சொல்லிவிட்டார், நான் அப்பாவுக்கான இடங்களைச் சொல்கிறேன்.

டவுனிலேயே இராமலிங்க விலாசம் அரண்மனை இருக்கிறது. போகலூரில் இருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தவர் கிழவன் சேதுபதி. அவர் கட்டிய அரண்மனை. உள்ளே சுவரும் மேற்கூரையும் முழுக்க ஓவியம். இராமாயணம் ஒரு பக்கம், தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை ஒரு பக்கம், தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள் சேதுபதியைப் பார்க்க வந்து நிற்பது இன்னொரு பக்கம். பீரங்கி வரைந்த சுவரை உங்கள் மகன் விடமாட்டான். வெளிச்சம் குறைவு என்பதால் மதியத்துக்கு முன்பே போங்கள். படம் எடுக்கலாமா, எந்த நாள் விடுமுறை என்று வாசலில் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

திருப்புல்லாணி சேதுக்கரைக்குப் போகிற வழிதான், அங்கிருந்து 4 கிலோமீட்டர் இருக்கும். மற்ற ஊர்களில் நின்ற கோலத்தில் பார்த்த ராமர் இங்கே தர்ப்பைப் புல்லில் படுத்திருப்பார். கடலரசன் வழிவிடக் காத்துக் கிடந்த இடமாம். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலை நடை முடிந்ததும் நேரே கோயிலுக்கு வந்தால் சரியாக இருக்கும். பாயசம் கிடைத்தால் விடாதீர்கள் (என் மாமியார் அதற்காகவே போவார்).

உத்தரகோசமங்கையும் பக்கம்தான். மார்கழித் திருவாதிரை அன்று மட்டும் கூட்டம் தாங்காது, அப்பாவோடு அன்றைக்கு வேண்டாம்.

பாம்பன் பையன்:

எல்லாம் சரி, தனுஷ்கோடியை ஏன் யாரும் சொல்லவில்லை? 1964 டிசம்பர் புயலில் போன ஊர். பவளக்கல்லில் கட்டிய சர்ச் இடிபாடு இன்னும் நிற்கிறது. வழியில் பாம்பனில் 2025இல் திறந்த புதிய ரயில் பாலத்தைப் பார்க்கலாம், 1914இல் திறந்த பழைய பாலத்துக்குப் பதிலாக வந்தது. அப்பாவுக்குப் பிடிக்குமென்றால் குந்துகாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிகாகோ போய்விட்டு 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்து இறங்கிய கரை. இந்த மாதங்களில் கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தண்ணீரில் பூநாரைக் கூட்டமும் இருக்கும்.

மதுரைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஐஸ்வண்டி அண்ணே, சில சந்தேகம். பள்ளிவாசலுக்குள் பெண்கள் வரலாமா? எதிரே தீவுகள் தெரிகிறதாமே, படகில் போக முடியுமா? அப்புறம், என் மகன் எங்கே போனாலும் சிப்பி பொறுக்கிச் சட்டைப்பையை நிரப்புகிறவன். அதில் ஏதும் பிரச்சனை உண்டா?

ஐஸ்வண்டி:

பள்ளிக்குள் யாரையும் கேட்காமல் போக வேண்டாம். வாசலில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், மதுரையிலிருந்து கட்டடம் பார்க்க வந்தோம் என்று சொல்லுங்கள். எதுவரை வரலாம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். முக்காடு போட ஒரு துப்பட்டா கையில் இருக்கட்டும்.

வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் இறங்க முடியாது. 1986 முதல் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. எவனாவது நாட்டுப்படகில் கூட்டிப்போய் இறக்குகிறேன் என்றால் ஏறாதீர்கள், மாட்டினால் உங்களுக்கும் வழக்கு. 21 என்பதும் ஏட்டுக் கணக்குதான். கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டி தண்ணீருக்குள் போய்விட்டது. சுண்ணாம்புக்கும் வீடு கட்டவும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள், அலையைத் தடுக்க ஆள் இல்லாமல் தீவு கரைந்துவிட்டது.

அதனால் சட்டைப்பை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சாதாரணச் சிப்பி ஒன்றிரண்டு சரி. வெள்ளையாக, ஓட்டை ஓட்டையாக, கையில் எடுத்தால் எலும்பு மாதிரி சொரசொரப்பாக இருப்பது பவளம். செத்து ஒதுங்கினதுதானே என்று எடுக்கக் கூடாது, வனத்துறைச் சட்டத்தில் புலிக்கு இருக்கிற அதே பட்டியலில் அது இருக்கிறது. கடல் அட்டைக்கும் அப்படியே.

பாம்பன் தம்பி சொன்னதில் தப்பில்லை. ஆனால் விடுமுறையில் தனுஷ்கோடி ரோட்டில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், பெரியவர் காருக்குள்ளேயே நொந்துபோவார். போவதென்றால் சனி, ஞாயிறு தவிர்த்து, காலை 7 மணிக்குள் பாலத்தைத் தாண்டிவிடுங்கள்.

வடகடல் பக்கம்தான் போவேன் என்று வீட்டில் யாராவது அடம்பிடித்தால் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகு விடுகிறது. காயலுக்குள் போவதால் வாடை அவ்வளவாகத் தெரியாது. அழகன்குளம் என்று யாராவது சொன்னால், ரோமானியர் காலத்து ஊர்தான், கப்பல் உருவம் கீறிய பானை ஓடு கிடைத்த இடம்தான், ஆனால் தோண்டிய குழியெல்லாம் மூடியாயிற்று. மேட்டைத்தான் பார்க்கலாம். அப்பாவுக்கு மேடே போதுமென்றால் கூட்டிப்போங்கள்.

கீழக்கரையில் திரும்பும்போது தொதல் என்கிற இனிப்பு வாங்குங்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மணக்க வேண்டும், கையில் எண்ணெய் ஒட்டினால் நல்லது. மீன் வேண்டுமென்றால் காலை ஏலத்தில் விளமீன் கேளுங்கள். விடுதியில் சமைத்துத் தருவார்களா என்று முன்னாடியே விசாரித்துக்கொண்டு வாங்குங்கள், என் ஐஸ் மதுரை வரைக்கும் தாங்காது.