ரன்னிங் சிங்கர்: 'நகர் எடை'யா, 'உருவீயம்' என்போமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

தூண்டில் நூலில் கோக்கும் துளையுள்ள ஈயக்குண்டை ஆங்கிலத்தில் ரன்னிங் சிங்கர் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நம் குழுமத்தில் ஐயா முன்வைத்த 'நகர் எடை'யை மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. அங்கே எடை நகர்வதே இல்லை.

மட்டக்களப்பு வாவியில் செப்பலி மீன் கண்டல் வேருக்குள்ளும் பாலத் தூணடியிலும் ஒதுங்கிக் கிடக்கும். இரவில்தான் துணிந்து இரை தேடும். பெருத்த செப்பலிக்கு விழிப்பு அதிகம். இரையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்சத் தூரம் இழுத்துப் பார்க்கும். அப்போது பாரம் தட்டினால் துப்பிவிட்டுப் போய்விடும். அதனால் நடுவில் துளையுள்ள ஈயத்தைத் தங்கூசி என்கிற நைலான் நூலில் கோத்து, அது கீழே இறங்காமல் சுவிவல் என்கிற சுழல் வளையம் ஒன்றைக் கட்டி, அதிலிருந்து ஒன்றரை முழம் மெல்லிய தங்கூசி விட்டு, முனையில் தூண்டில் கட்டுவோம். மீன் இழுக்கையில் ஈயம் விழுந்த இடத்திலேயே கிடக்கும்; தங்கூசிதான் துளை வழியே உருவிக்கொண்டு போகும். முகத்துவாரத்து நீரோட்டத்துக்குப் பாரமான ஈயம் வேண்டும். அங்கேயும் மீனுக்கு அந்தப் பாரம் அவ்வளவாகத் தெரியாமலிருப்பது இதனால்தான்.

கல்லடிப் பாலத்தில் எனக்குத் தூண்டில் பழக்கிய பெரியப்பா, "ஈயம் கிடக்கும், தங்கூசி உருவும்" என்பார். சொல் அதற்குள்ளேயே இருக்கிறது: உருவு + ஈயம், உருவீயம். நூலில் இறுக்கிக் கட்டுவதைக் கட்டீயம் என்றால் இரண்டும் சோடியாக நிற்கும்.

அக்கா எழுதிய 'ஓடீயம்' காதுக்கு இனிமை. ஆனால் அதிலும் ஓடுவது ஈயம் என்றே பொருள் வருகிறது. 'உருவு' என்றால் வடிவம் என்று எண்ணிவிடுவார்கள் என்ற தம்பியின் அச்சம் எனக்கில்லை. உருவாஞ்சுருக்குப் போட்டு ஆடு கட்டுகிற ஊரில் யாரும் அப்படி மயங்கமாட்டார்கள்.

ஈயம், சுவிவல், தூண்டில் எல்லாம் சேர்ந்த 'ரிக்' என்பதற்குத் 'தொடுப்பு' போதும்: உருவீயத் தொடுப்பு. லைவ் பெய்ட்டுக்கு வந்த 'உயிரிரை'யை அப்படியே ஏற்கிறேன். உயிர் இறாலை வாலில் மேலோட்டமாகக் குத்திவிட்டால் அது துள்ளிக்கொண்டே இருக்கும். தலையின் கரும்புள்ளியில் குத்தினால் செத்துவிடும். செத்ததை உயிரிரை என்று சொல்ல முடியாதே.

சுவிவலுக்குக் கீழே வரும் தங்கூசியான லீடருக்கு 'முன்னிழை' என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு அவசரம் வேண்டாம். வாழைச்சேனையிலும் கல்முனையிலும் தூண்டில்காரரோடு பழகுகிறவர்கள், அவர்கள் வாயில் என்ன சொல் வருகிறதென்று கேட்டு எழுதுங்கள். அதன் பிறகு புதிதாகக் கட்டுவோம்.