ஆல்ஃபா ஒன்: அலைன்மென்ட் பார் கப்ளரில் முட்டி நிற்கிறது

கடல்காகம்:
மெர்க்ரூசர் ஆல்ஃபா ஒன் ஜென் 2 (எஞ்சின் படகுக்குள், டிரைவ் பின்சுவருக்கு வெளியே இருக்கும் ஸ்டெர்ன்டிரைவ்), 4.3 லிட்டர் வி6 எஞ்சின். படகு டிரெய்லரில் இருக்கிறது. பெல்லோஸ் (மடிப்பு ரப்பர் உறை) மாற்ற டிரைவைக் கழற்றி, கிம்பல் பேரிங்கும் (டிரைவ் ஷாஃப்ட்டைப் பின்சுவரில் தாங்கும் பேரிங்) புதுசு போட்டாச்சு. அலைன்மென்ட் பார் (எஞ்சின் டிரைவுக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்கச் செருகும் கம்பி) பேரிங்கைத் தாண்டி, கப்ளர் (எஞ்சினையும் டிரைவ் ஷாஃப்ட்டையும் இணைக்கும் பாகம்) வாயில் முட்டி நிற்கிறது. எஞ்சினின் முன் மவுண்டை (தாங்கியை) எவ்வளவு ஏற்றணும்? டிரைவை மாட்டி நட்டை இறுக்கினால் தானா உட்காராதா?

சுக்கான்:
உட்காரும், ஆனால் கொஞ்ச நாளில் கப்ளரின் ஸ்ப்லைனை (ஷாஃப்ட் பொருந்தும் பல்வரிசையை) தின்றுவிடும். கப்ளர் ஃப்ளைவீலில் இருப்பதால், அதை மாற்ற எஞ்சினையே தூக்கணும்.

மவுண்டில் இப்போதைக்குக் கை வைக்காதீங்க. கிம்பல் பேரிங் அதன் வெளிக்கூட்டுக்குள் எந்தப் பக்கமும் சாயும். புதுசா அடித்து இறக்கினது கோணலாக நிற்கத்தான் வாய்ப்பு அதிகம். பாரை உள்ளே வைத்து, வெளியே நீட்டியிருக்கும் பகுதியை மேல், கீழ், இடம், வலம் என நான்கு பக்கமும் தட்டினால் பேரிங் கப்ளருக்கு நேராகத் திரும்பும். பாரின் பின்முனையில் அடித்து உள்ளே ஏற்றவே கூடாது. இரண்டு விரலால் தள்ளினால் முழுசா போகணும், அதே லேசில் வெளியே வரணும்.

பேரிங் நேரான பிறகும் இடித்தால்தான் மவுண்ட். பார் ஸ்ப்லைனில் மெல்லிசா கிரீஸ் பூசி, செருகி எடுத்துப் பாருங்க. கிரீஸில் கோடுகள் சுற்றிலும் ஒரே மாதிரி விழணும். மேலேயோ கீழேயோ மட்டும் விழுந்தால் எஞ்சின் உயரம் சரியில்லை. பின் மவுண்டில் உயரம் மாற்ற வழியில்லை, முன்னால்தான். பாரை வெளியே எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் லாக் நட்டைத் தளர்த்தி, கால் சுற்று கால் சுற்றாக, இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்புங்க. எஞ்சின் எடை பார் மேல் விழுந்தால் பேரிங்கும் கப்ளரும் கெடும்.

நீலவலை:
ஒன்று சேர்க்கிறேன்: கிரீஸ் நிப்பிள் உள்ள மாடல் என்றால், பேரிங் சுற்று வளையத்தின் திறப்பு கிரீஸ் துளைக்கு நேரா இருக்கணும். இல்லாவிட்டால் எத்தனை பம்ப் அடித்தாலும் உள்ளே போகாது.

கடல்காகம்:
தட்டினதும் பார் போகுது, நன்றி. ஆனால் கிராங்க்கைத் திருப்பிப் பார்த்தால் ஒரு இடத்தில் மட்டும் இறுகுது.

சுக்கான்:
பாரை எடுத்துவிட்டு, கால் சுற்று வீதம் திருப்பி நான்கு நிலையிலும் செருகிப் பாருங்க. உயரக் கோளாறு என்றால் நான்கிலும் இடிக்கும். ஒரே நிலையில் இறுகினால் கப்ளர் மேல்தான் சந்தேகம். டார்ச் அடித்து ஸ்ப்லைன் பற்கள் கூர்ந்து தேய்ந்திருக்கா, செந்துரு தூள் இருக்கா, ஃப்ளைவீல் கூட்டின் அடியில் கருப்பு ரப்பர் தூள் இருக்கா பாருங்க. ரப்பர் தூள் என்றால் கப்ளரின் ரப்பர் விட்டுக்கொண்டு வருது. அதை மவுண்ட் திருப்பிச் சரிசெய்ய முடியாது.

நீலவலை:
முன் மவுண்ட் அட்ஜஸ்ட்மென்ட் முழுசும் தீர்ந்தும் சேரவில்லை என்றால், ஸ்ட்ரிங்கர் (மவுண்ட் உட்காரும், படகின் அடியில் நீளவாக்கில் போகும் விட்டம்) மரம் ஊறியிருக்கும், இல்லை மவுண்ட் ரப்பர் தொய்ந்திருக்கும். மரத்தைக் கம்பியால் குத்திப் பாருங்க.

சுக்கான்:
டிரைவை மாட்டும்போது ஷிப்ட் முன் கியரில் இருக்கட்டும். யு-ஜாயின்ட் ஷாஃப்ட் ஸ்ப்லைனுக்கு கப்ளர் ஸ்ப்லைன் கிரீஸ், ஓ-ரிங்குகள் புதுசு. டிரைவ் நட் ஆறும் மாற்றி மாற்றி 68 நியூட்டன் மீட்டர். முன் மவுண்ட் லாக் நட்டின் டேப் வாஷரை (நட் தளராமல் பிடிக்கும் நாக்குள்ள வாஷர்) மடக்க மறக்க வேண்டாம்.