கம்பெனி டீலிஸ்ட் ஆகப்போகிறது என்ற பேச்சு: கையில் இருக்கும் பங்கை என்ன செய்வது?

பவானிக்காரன்:
வணக்கம் நண்பர்களே. ஒரு சின்ன உற்பத்திக் கம்பெனியின் 400 பங்குகள் என்னிடம் இருக்கின்றன. காலமான அப்பா சேர்த்தது. வாங்கிய தேதியும் விலையும் அவர் கையெழுத்தில் ஒரு பச்சை டைரியில் இருக்கிறது. சராசரி 142 ரூபாய். மூன்று வாரம் முன்புவரை 180-லேயே கிடந்த பங்கு இன்று 251. புரமோட்டர்கள் (கம்பெனியைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பங்குதாரர்கள்) எல்லாப் பங்கையும் வாங்கிக்கொண்டு சந்தையை விட்டு விலகப்போகிறார்கள், 400-க்குக் குறையாமல் தருவார்கள் என்று டெலிகிராம் குழுவில் தினமும் செய்தி. நம்பி 243-ல் இன்னும் 150 வாங்கிவிட்டேன். அது பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்த பணம். மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. புரமோட்டர் பங்கு 72 சதவீதம். வைத்திருக்கலாமா, விற்கலாமா?

பழைய_டீமேட்:
முதலில் பிஎஸ்இ (மும்பை பங்குச்சந்தை) தளத்தில் கம்பெனியின் அறிவிப்புகளைப் பாருங்கள். டீலிஸ்டிங் (பங்கைச் சந்தைப் பட்டியலிலிருந்து நீக்குவது) என்றால் வாங்குபவர் பொது அறிவிப்பு கொடுத்தே ஆக வேண்டும். அப்புறம் இயக்குநர் குழு ஒப்புதல், பங்குதாரர் ஓட்டு, எக்ஸ்சேஞ்ச் அனுமதி. அந்த ஓட்டில் பொதுப் பங்குதாரர்களின் எதிர்ப்பைப் போல இரண்டு மடங்காவது ஆதரவு விழ வேண்டும். இத்தனையும் தாண்டித்தான் பங்கை ஒப்படைக்கும் கட்டமே வரும்.

"கம்பெனி மறுக்கவில்லையே" என்று குழுவில் சொல்வார்கள். முன்னணி ஊடகத்தில் வந்து விலையை அசைத்த வதந்திக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்லும் கட்டாயம் சந்தை மதிப்பில் முதல் 250 கம்பெனிகளுக்குத்தான். உங்களுடையது அதில் வராது. மௌனம் சம்மதம் என்று இங்கே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோவை_தறி:
அறிவிப்பு வந்தாலும் முடிந்தது என்று அர்த்தம் இல்லை. வாங்குபவர் கையில் மொத்தம் 90 சதவீதப் பங்கு சேர்ந்தால்தான் டீலிஸ்டிங் வெற்றி. 2020-ல் வேதாந்தா என்ற சுரங்கக் கம்பெனியைப் பாருங்கள். அடிப்படை விலை, அதாவது குறைந்தபட்ச விலை, 87.25 ரூபாய். எல்ஐசி தன் பங்குகளுக்குக் கேட்டது 320. 90 சதவீதத்தைத் தொட சுமார் 134 கோடிப் பங்குகள் வேண்டியிருந்தது, உறுதியாக வந்தது 125 கோடி சொச்சம். அக்டோபரில் முயற்சி தோற்றது, பங்கும் பலமாக அடிவாங்கியது. அதே ஆண்டு ஹெக்ஸாவேர் என்ற ஐடி கம்பெனியில் ரிவர்ஸ் புக் பில்டிங்கில் (பங்குதாரர்கள் கேட்கும் விலைகளை வைத்து விலை காணும் ஏலம்) வந்த 475 ரூபாயை வாங்குபவர் ஏற்றுக்கொண்டார், டீலிஸ்டிங் முடிந்தது. இரண்டும் நடக்கும்.

உங்கள் கணக்குக்கு வாருங்கள். 72-லிருந்து 90-க்கு 18 சதவீதம் வேண்டும். வெளியில் இருப்பதே 28. அந்தப் பங்குகளில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பகுதி ஒப்படைக்கப்பட வேண்டும். அதை வைத்திருப்பவர்களில் தொலைபேசி எண் மாறியவர், இறந்துபோனவர், டீமேட் (மின்னணுப் பங்குக் கணக்கு) பாஸ்வேர்டு மறந்தவர் எத்தனை பேரோ! பேச்சு பொய்யாகி விலை 180-க்குத் திரும்பினால் புதிதாக வாங்கிய 150-ல் மட்டும் 9,450 ரூபாய் போகும். கட்டணப் பணத்தை இதில் விடாதீர்கள் அண்ணா. அப்பாவின் 400-க்கு அவசரம் இல்லை. டீலிஸ்டிங் முடிந்தாலும் அதே விலைக்கு ஒப்படைக்க ஓராண்டு அவகாசம் உண்டு.

பவானிக்காரன்:
பார்த்துவிட்டேன். டீலிஸ்டிங் அறிவிப்பு எதுவும் இல்லை. விலை ஏன் ஏறியது என்று எக்ஸ்சேஞ்ச் கேட்ட கடிதமும், "நாங்கள் வெளியிடாத தகவல் எதுவும் இல்லை" என்ற கம்பெனியின் பதிலும் பத்து நாளாக அங்கேயே இருக்கின்றன. டெலிகிராமில் ஒருவர்கூட அதைப் போடவில்லை. இன்று காலை 150-ஐ 247-க்கு விற்றுவிட்டேன். மிக்க நன்றி.

இன்னொரு சந்தேகம். டைரியில் "1996, போனஸ் 60" என்று எழுதியிருக்கிறார். கம்பெனி இலவசமாகக் கொடுத்த அந்த 60 பங்கு டீமேட்டில் இல்லை.

பழைய_டீமேட்:
நல்ல முடிவு. வரி கட்டும்போது கவனம்: டீமேட்டில் முதலில் வந்ததுதான் முதலில் போகும். விற்றது அப்பாவின் பழைய 150 என்றே கணக்கு வரும், அதனால் நீண்டகால லாபம். அந்த வகை லாபம் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி கிடையாது.

அந்த 60 காகிதச் சான்றிதழாக எங்கோ இருக்கலாம். ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால் ஐஇபிஎஃப் என்ற அரசு நிதிக்குப் போயிருக்கும். அந்தத் தளத்தில் அப்பா பெயரைத் தேடுங்கள். கூடவே கம்பெனியின் ரிஜிஸ்ட்ரார் (பங்குதாரர் பதிவேட்டைப் பராமரிப்பவர்) அலுவலகத்துக்கு ஃபோலியோ எண்ணுடன் (காகிதப் பங்குக்கான கணக்கு எண்) எழுதிக் கேளுங்கள். நிதிக்குப் போயிருந்தால் ஐஇபிஎஃப்-5 படிவம், வாரிசு ஆவணங்கள் வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். உண்மையிலேயே டீலிஸ்டிங் வந்தால் பங்கை ஒப்படைக்கும் ஏலம் திறந்திருப்பது ஐந்து வேலை நாள்தான், அதற்குள் இதெல்லாம் முடியாது. இப்போதே தொடங்குங்கள்.

பவானிக்காரன்:
ஃபோலியோ எண் டைரியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறார். திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.